மாணவரும் அரசியலும்: வகுப்பு முடிந்த பிறகு கேட்கப்படும் கேள்விகள்

மாவட்டத் தலைநகர் ஒன்றில் உள்ள கலை அறிவியல் கல்லூரியில் பல ஆண்டுகளாக அரசியல் அறிவியல் கற்பித்து வருகிறேன். பாடவேளையில் கையை உயர்த்தத் தயங்கும் மாணவர்கள், மணி அடித்த பிறகு மேசையருகே வந்து நின்று கேட்ட கேள்விகளே இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பெரும்பாலும் தமிழ்நாட்டை மனத்தில் வைத்தே விடை எழுதியிருக்கிறேன்.

படிக்கிற வயதில் அரசியல் எதற்கு? வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

இந்தக் கேள்வியைப் பெற்றோர் கேட்கும்போது அதில் உள்ள அச்சத்தை நான் மதிக்கிறேன். குடும்பத்தில் முதல்முறையாகக் கல்லூரிப் படியேறிய பிள்ளை எந்த வம்பிலும் சிக்கிவிடக் கூடாது என்று அவர்கள் நினைப்பது இயல்பு. ஆனால் மாணவரே இதைக் கேட்டால், அவர் கையில் இருக்கும் பேருந்துப் பயண அட்டையையும், இன்னும் வங்கிக் கணக்குக்கு வராத கல்வி உதவித்தொகையையும், விடுதி உணவுக்கு அரசு ஒதுக்கும் தொகையையும், அறிவிப்பு வரும் வரும் என்று காத்திருக்கும் அரசுத் தேர்வையும் காட்டுவேன். இவை ஒவ்வொன்றும் எங்கோ யாரோ எடுத்த அரசியல் முடிவின் விளைவு. நீங்கள் விலகி நின்றாலும் அந்த முடிவுகள் உங்களை விட்டு விலகப் போவதில்லை.

சட்டமும் உங்களைக் காத்திருக்கச் சொல்லவில்லை. அரசமைப்பின் 61ஆவது திருத்தம் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்து 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இளங்கலை முதலாண்டில் உட்கார்ந்திருக்கும் மாணவர் முழுக் குடிமகன் அல்லது குடிமகள். குடிமக்களாகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருப்பவர் என்று அவரைக் கருதுவது பெரியவர்களாகிய எங்கள் பிழை.

தமிழ்நாட்டில் மாணவர்கள் உண்மையில் எதையாவது மாற்றியிருக்கிறார்களா?

மாற்றியிருக்கிறார்கள். இதற்கு 1965ஆம் ஆண்டைவிடத் தெளிவான சான்று இந்தியாவிலேயே குறைவு. இந்தி மட்டுமே ஆட்சிமொழியாகும் நாளாகக் குறிக்கப்பட்டிருந்த சனவரி 26க்கு முதல் நாளே மதுரையில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். இரண்டு நாள் கழித்துச் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். கிளர்ச்சி மாநிலம் முழுவதும் பரவியது. 1967இல் நடந்த பொதுத்தேர்தலில் காங்கிரசு ஆட்சியை இழந்தது. விருதுநகரில் காமராசரை 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்த பெ. சீனிவாசன், அந்தக் கிளர்ச்சியிலிருந்து வந்த மாணவர் தலைவர். 1968 சனவரியில் தமிழக சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது நான் மாணவர்களிடம் அழுத்திச் சொல்வது வேறொரு செய்தி. அன்று வாக்களிக்கும் வயது 21. ஊர் ஊராகப் போய் வாக்குக் கேட்ட மாணவர்களில் எத்தனையோ பேருக்கு அந்தத் தேர்தலில் சொந்த வாக்கே கிடையாது. கிளர்ச்சி சில வாரங்களில் ஓய்ந்தது. அதன் பயன் இரண்டாண்டு கழித்து வாக்குப்பெட்டியில் தெரிந்தது. இடைப்பட்ட காலத்தில் நடந்த உழைப்பு ஒளிப்படங்களில் இல்லை. அதனால்தான் அது நம் நினைவில் தங்கவில்லை என்று நினைக்கிறேன்.

2017 சனவரியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏறு தழுவுதலுக்கு உச்சநீதிமன்றம் 2014இல் விதித்த தடையை எதிர்த்து, அலங்காநல்லூரிலும் மெரினாவிலும் தொடங்கிய கூட்டம் சில நாட்களில் மாநிலம் முழுவதும் பெருகியது. 21ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. 23ஆம் தேதி சட்டமன்றம் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. 2023 மே மாதம் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றுக்கொண்டது. ஒரு வாரக் கூடுகை ஒரு சட்டத்தையே பெற்றுத் தந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே நாட்களில் தமிழ்நாட்டின் ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. அவர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்திருந்தது. ஊரகப் பகுதிகளுக்கான அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான், அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும் நடந்தது. நகர்ப்புறங்கள் 2022 பிப்ரவரி வரை காத்திருந்தன. தெருவிளக்கு முதல் குடிநீர் வரை அனைத்தையும் தனி அலுவலர்களே முடிவு செய்த அந்த நீண்ட இடைவெளிக்காக மெரினாவில் கண்டதைப் போன்ற கூட்டம் எங்கும் கூடவில்லை. மாணவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆசிரியர்களாகிய நாங்களும் அதைப் பற்றி வகுப்பில் பேசவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

நான் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். வாக்காளர் பட்டியலில் என் பெயரை எங்கே சேர்க்க வேண்டும்?

சொந்த ஊரிலும் சேர்க்கலாம். விடுதி இருக்கும் ஊரிலும் சேர்க்கலாம். ஆனால் இரண்டு இடத்திலும் சேர்க்கக் கூடாது. தெரிந்தே பொய்யான உறுதிமொழி அளிப்பது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். புதிதாகச் சேர்ப்பதற்குப் படிவம் 6, முகவரி மாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8. முன்பு சனவரி 1ஆம் தேதி ஒன்றே தகுதி நாளாக இருந்தது. இப்போது ஏப்ரல் 1, சூலை 1, அக்டோபர் 1 ஆகியவையும் சேர்ந்து நான்கு தகுதி நாட்கள் உள்ளன. 17 வயது நிறைந்ததுமே முன்கூட்டி விண்ணப்பித்துவிடலாம்.

எந்த ஊர் என்பதை முடிவு செய்யும்போது இரண்டு செய்திகளைக் கணக்கில் கொள்ளுங்கள். வெளியூரில் படிக்கும் மாணவருக்கு அஞ்சல் வாக்கு கிடையாது. சொந்த ஊரில் பெயர் இருந்தால் வாக்குப்பதிவு நாளில் பேருந்து ஏறித்தான் ஆக வேண்டும். மறுபுறம், விடுதி முகவரிக்குப் பெயரை மாற்றிக்கொண்டால், சொந்த ஊர்க் கிராம சபையில் உறுப்பினராக இருக்கும் உரிமையும் போய்விடும். ஊர் அருகில் இருந்தால் ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் அறிவுரை. எங்கே சேர்த்தாலும், தேர்தல் அறிவித்த பிறகு பதறாமல், ஆண்டுக்கு ஒருமுறையாவது பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இலட்சக்கணக்கான வாக்குகளில் என் ஒரு வாக்கால் என்ன ஆகப்போகிறது?

2016 சட்டமன்றத் தேர்தலில் இராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். 2021இல் தியாகராய நகரில் 137. கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியில் 2004இலும், இராசத்தானின் நாத்துவாராவில் 2008இலும் ஒரே ஒரு வாக்கு முடிவைத் தீர்மானித்தது. இவற்றை மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் நேர்மையாகப் பார்த்தால், பெரும்பாலான தொகுதிகளில் வித்தியாசம் ஆயிரக்கணக்கில்தான் இருக்கும். உங்கள் ஒரு வாக்கு முடிவை மாற்றாது.

அப்படியிருந்தும் வாக்களிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை வாக்கு விழுந்தது என்ற கணக்கு ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் வெளியிடப்படுகிறது. எந்தத் தெரு வாக்களிக்கிறது, எது வாக்களிப்பதில்லை என்பதைக் கட்சிக்காரர்கள் அந்தக் கணக்கிலிருந்து அறிந்துகொள்கிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் வாக்குப்பதிவு 81 விழுக்காட்டைத் தாண்டியது. மத்திய சென்னையிலும் தென்சென்னையிலும் 54 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. வாக்களிக்காத விடுதியின் வாசலுக்கு வேட்பாளர் வராததற்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது.

எந்த வேட்பாளரும் பிடிக்கவில்லை என்றால் நோட்டாவுக்கு வாக்களிக்கலாமா?

தாராளமாக அளிக்கலாம், 2013 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின் வழியாக வந்த உரிமை அது. அதற்கு முன்பு யாருக்கும் வாக்களிக்க விரும்பாதவர் 49 ஓ விதியின்படி வாக்குச்சாவடி அலுவலரிடம் சொல்லிப் பதிய வேண்டியிருந்ததால் இரகசியம் காக்கப்படவில்லை. ஆனால் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் நோட்டாவுக்கு எல்லாரையும்விட அதிக வாக்கு விழுந்தாலும், வேட்பாளர்களில் முதலிடம் பெற்றவரே வென்றவர் ஆவார். அதைத் தெரிந்துகொண்டு அழுத்துங்கள். அதற்கு முன், போட்டியிடும் அனைவரையும் பற்றி விசாரித்தீர்களா என்றும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேட்பாளரைப் பற்றி எங்கே விசாரிப்பது?

வேட்புமனுவோடு ஒவ்வொருவரும் படிவம் 26இல் உறுதிமொழிப் பத்திரம் அளிக்க வேண்டும். தம் மீதுள்ள குற்ற வழக்குகள், தம்முடைய மற்றும் குடும்பத்தாரின் சொத்து, கடன், கல்வித்தகுதி ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். 2002, 2003ஆம் ஆண்டுகளில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்புகளால் நமக்குக் கிடைத்த வசதி இது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் படிக்கலாம். படிக்கும்போது ஒரு எச்சரிக்கை: வழக்கு இருக்கிறது என்பதும் குற்றம் உறுதியாகிவிட்டது என்பதும் ஒன்றல்ல. அனுமதியின்றிக் கூடினார் என்ற வழக்கும் கொலைமுயற்சி வழக்கும் எண்ணிக்கையில் ஒன்றுதான். ஆகவே எண்ணிக்கையைப் பார்த்து நின்றுவிடாமல் எந்தப் பிரிவு என்பதையும் பாருங்கள். ஐந்தாண்டுக்கு முந்தைய பத்திரத்தையும் அருகில் வைத்துச் சொத்து விவரத்தை ஒப்பிட்டுப் படிப்பது எங்கள் துறை மாணவர்களுக்கு மிகவும் பிடித்த பயிற்சி.

வீட்டில் வாக்குக்குப் பணம் வாங்குகிறார்கள். நான் என்ன செய்வது?

என்னிடம் தலைகுனிந்து கேட்கப்படும் கேள்வி இது. சட்டப்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். பணப் பட்டுவாடாவின் காரணமாக 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017இல் ஆர்.கே. நகரிலும், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் தேர்தலே நிறுத்தப்பட்டது. தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலி வழியாக நீங்கள் புகார் அனுப்பலாம்; பெயரை வெளியிடாமலும் அனுப்பலாம்.

ஆனால் அம்மாவும் அப்பாவும் வாங்கிய பணத்தைக் குறித்துப் புகார் எழுதுங்கள் என்று ஒரு மாணவரிடம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நூறு நாள் வேலைக்கூலி தாமதமாகும் வீட்டில் அந்தத் தொகை என்னவாக இருக்கும் என்பதை அறிவேன். வீட்டில் பேசுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் தொகையை ஆயிரத்து எண்ணூறு நாட்களால் வகுத்துக் காட்டிய மாணவி ஒருவர், தம் பாட்டி அந்தக் கணக்கைக் கேட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார் என்றார். உங்கள் பங்கை நீங்கள் வாங்காதீர்கள். அதை வீட்டில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வாங்கியவர்களுக்கும் வாக்கு இரகசியமானது என்பதை நினைவூட்டுங்கள். பணம் வாங்கியதால் வாக்குக் கடன்பட்டுவிட்டது என்ற எண்ணமே பல வீடுகளில் பணத்தைவிடப் பெரிய தளை.

எங்கள் கல்லூரியில் மாணவர் பேரவைத் தேர்தல் நடப்பதில்லை. நாங்கள் கேட்க முடியுமா?

கேட்க முடியும், கேட்பதற்கான ஆதாரமும் இருக்கிறது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழு 2006இல் அளித்த பரிந்துரைகளைப் பின்பற்றுமாறு உச்சநீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் ஆணையிட்டது. கல்வியாண்டு தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தேர்தல், வேட்பாளருக்கு 75 விழுக்காடு வருகைப்பதிவு, நிலுவைப் பாடம் இல்லாமை, அச்சிட்ட சுவரொட்டிக்குத் தடை, செலவுக்கு 5,000 ரூபாய் வரம்பு, பொறுப்பாளர் பதவிக்கு ஒரே ஒரு வாய்ப்பு என்று அதில் பல விதிகள் உள்ளன. தேர்தல் நடத்த இயலாத சூழல் உள்ள இடங்களில் நியமன முறையை இடைக்கால ஏற்பாடாக மட்டுமே குழு ஏற்றது. தமிழ்நாட்டின் பல கல்லூரிகளில் அந்த இடைக்காலம் முடிவே இல்லாமல் நீள்கிறது.

நிர்வாகங்கள் சொல்லும் காரணங்களில் உண்மை இல்லாமல் இல்லை. சாதி மோதலும் வெளியாரின் பணமும் கல்லூரிக்குள் நுழைந்து அடிதடியில் முடிந்த காலத்தைக் கண்ட மூத்த ஆசிரியர்கள் இன்னும் அஞ்சுகிறார்கள். என் கருத்து வேறு. தேர்தல் இல்லாத வளாகத்திலும் சாதி இருக்கிறது. அது வகுப்பில் யார் எங்கே உட்கார்கிறார்கள் என்பதில் தெரிகிறது. தோற்றவரோடு மறுநாள் அதே மேசையில் உணவு உண்ணும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ள இருபது வயதைவிட நல்ல வயது கிடையாது. முழுப் பேரவைத் தேர்தலுக்கு முன்னோட்டமாக, வகுப்புப் பிரதிநிதியையும் விடுதி உணவுக் குழுவையும் இரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்க அனுமதி கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், ஒப்புகை பெறுங்கள்.

கிராம சபையில் மாணவர்கள் பேசலாமா? பேசினால் பயன் உண்டா?

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். அதற்கு யாருடைய அழைப்பும் தேவையில்லை. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் ஆகிய நான்கோடு, மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் நடைபெற வேண்டும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும்.

நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். நூறு நாள் வேலைக்கு வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி எண்ணிக்கையை நிறைவு செய்வதும், தீர்மானங்கள் முன்பே எழுதப்பட்டிருப்பதும், கேள்வி கேட்பவரை ‘உன் அப்பாவை வரச் சொல்’ என்று அடக்குவதும் பல ஊர்களில் வழக்கம். எங்கள் மாணவர் மூவர், அனைவரும் ஒரே ஊர்க்காரர்கள், ஒருமுறை கூட்டத்துக்குப் போனார்கள். கல்லூரி நேரத்துக்குப் பேருந்து இல்லை என்பது அவர்களின் கோரிக்கை. முதல் கூட்டத்தில் பேச விடவில்லை. அடுத்த கூட்டத்துக்கு, எத்தனை மாணவர்கள், எந்த நேரத்தில், எவ்வளவு தொலைவு நடக்கிறார்கள் என்பதை ஒரே தாளில் எழுதி, ஊர்ப் பெண்கள் நாற்பது பேரிடம் கையொப்பம் பெற்றுக்கொண்டு போனார்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. அதன் நகலை வைத்துக்கொண்டு பணிமனைக்கும் ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கும் மாறி மாறிப் போனார்கள். பேருந்து வர ஏறக்குறைய ஓராண்டு ஆனது. அதற்குள் அவர்களில் ஒருவர் இறுதித்தேர்வு எழுதிவிட்டுப் போய்விட்டார். இப்போது அந்தப் பேருந்தில் அவருடைய தங்கை வருகிறார்.

ஆகவே பயன் உண்டு; ஆனால் அது மெதுவாக வரும், ஒரே கூட்டத்தில் வராது. தீர்மானம் உங்கள் சொற்களிலேயே எழுதப்பட்டதா என்று கூட்டம் முடியும் முன் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வரவு செலவு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். கணக்குக் கேட்பது இந்த மண்ணில் பழைய வழக்கம். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டு, பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்கிறது. அந்தச் சபை நிலமும் கல்வியும் உடைய ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்றைய கிராம சபையில் உங்கள் பாட்டியும் உறுப்பினர்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் உள்ளன. கிராம சபை அளவுக்கு அவை இன்னும் வேர்விடவில்லை.

கல்வி உதவித்தொகை ஏன் வரவில்லை என்று யாரும் சொல்வதில்லை. என்ன வழி?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உரிய துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒப்புகை கிடைக்கும் வகையில் அஞ்சலில் அனுப்புங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் விடை வர வேண்டும்; வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். ‘ஏன் தரவில்லை’ என்று கேட்காதீர்கள். ‘என் விண்ணப்பம் எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் இருந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது’ என்று கேளுங்கள். பல நேரங்களில் தகவல் வருவதற்கு முன்பே பணம் வந்துவிடுகிறது.

போராட்டத்துக்குப் போனால் அரசு வேலை கிடைக்காதா?

அமைதியாக, ஆயுதமின்றிக் கூடுவது அரசமைப்பின் 19ஆம் பிரிவு தரும் உரிமை. அது வரம்பற்ற உரிமை அன்று. சென்னையில் மாநகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி முன்அனுமதி கேட்கப்படுகிறது. பொதுச்சாலையைக் காலவரையின்றி மறித்து அமர முடியாது என்று உச்சநீதிமன்றம் 2020இல் கூறியிருக்கிறது. கூட்டத்துக்கு அனுமதி உண்டா, நடத்துபவர் யார் என்பதைக் கேட்டுவிட்டுப் போங்கள். கைதானால் காரணத்தைத் தெரிந்துகொள்ளவும், வழக்குரைஞரைச் சந்திக்கவும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தப்படவும் உங்களுக்கு உரிமை உண்டு.

வேலையைப் பொறுத்தவரை அச்சம் முற்றிலும் பொய் என்று சொல்ல மாட்டேன். வழக்கு நிலுவையில் இருந்தால் காவல்துறைச் சரிபார்ப்பில் அது தெரியும். 2017 போராட்டத்தில் பதிவான வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது 2021இல்தான்; அந்த நான்கு ஆண்டும் சில இளைஞர்களுக்குக் கடினமாக இருந்தன. ஆனால் வேலை பறிபோவதற்குப் பெருங்காரணமாக அமைவது, படிவத்தில் வழக்கை மறைப்பது. சிறிய வழக்கை உள்ளபடி தெரிவித்தவரையும் மறைத்தவரையும் வேறுவேறாக அணுக வேண்டும் என்பதை 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் விரிவாகக் கூறியுள்ளது. கல்லெறிபவர் பக்கத்தில் நிற்காதீர்கள் என்பதை மட்டும் ஆசிரியராக அன்றி, உங்கள் வீட்டுப் பெரியவரைப் போலக் கேட்டுக்கொள்கிறேன்.

பெண்கள் அரசியல் பேசினால் வீட்டில் தடுக்கிறார்கள். எங்களுக்கு இதில் இடம் உண்டா?

தமிழ்நாட்டின் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. 21 வயது நிறைந்தால் போட்டியிடலாம். சட்டமன்றத்துக்கு 25 ஆக வேண்டும். 2019 டிசம்பர் தேர்தலில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவி ஒருவர் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2022இல் சென்னை மேயரான பிரியாவுக்கு அப்போது 28 வயது. இடம் இருக்கிறது. மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் கணவர் அமர்ந்து கூட்டம் நடத்தும் வழக்கமும் இருக்கிறது. தீர்மானப் புத்தகத்தைத் தாமே படித்துக் கையெழுத்திடும் தலைவர்கள் உள்ள ஊர்களில் அது தானாகக் குறைவதைப் பார்க்கிறேன். எழுத்தும் கணக்கும் தெரிந்த நீங்கள் அந்தத் தலைவர்களுக்கு முதலில் உதவியாளராகப் போகலாம். அம்மாவை அழைத்துக்கொண்டு கிராம சபைக்குப் போனால் வீட்டில் தடுப்பவர் குறைவு.

ஐயா, நீங்கள் எந்தக் கட்சி?

ஆண்டுதோறும் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். எனக்குக் கருத்து உண்டு. ஒவ்வொரு தேர்தலிலும் வாக்களித்திருக்கிறேன். எந்தச் சின்னத்துக்கு என்பதை வகுப்பில் சொன்னதில்லை. உங்கள் அகமதிப்பீட்டு மதிப்பெண் என் கையில் இருக்கிறது. நான் ஒரு கட்சியைச் சொன்னால், மாற்றுக் கட்சிக்காரரின் பிள்ளை அடுத்த நாள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். மூன்றாண்டு முடிந்து, மாற்றுச் சான்றிதழ் வாங்கிய பிறகு வந்து கேளுங்கள். தேநீர்க் கடையில் உட்கார்ந்து விரிவாகவே சொல்கிறேன். இதுவரை வந்து கேட்டவர்கள் நால்வர், அவர்களில் இருவர் என்னோடு இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.